கல்லில் ஒரு கோடு அதிகம்

ஷூபிங் கல்யாணமாகி வடகரைக்கு வந்து பதினேழு வருஷம் ஆகியும் அந்த வீட்டில் அவளுக்கு அக்கரைக்காரி என்ற பெயர் மாறவில்லை. மாமியார் இருந்தவரை அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் போன பிறகு புருஷனின் அண்ணன் சாங்கன் சிரிக்காமல் சொன்னார்.

ஆறு ஒன்றும் பெரிய ஆறு இல்லை. கோடையில் எருமை இறங்கினால் முதுகு நனையாது. ஆனால் அதற்கு இந்தப் பக்கம் ஒரு மாவட்டம், அந்தப் பக்கம் இன்னொரு மாவட்டம். இரண்டுக்கும் நடுவில் ஒரு பழைய சண்டை. இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய சீன ஞானி லாவோட்சு எந்தக் கரையில் பிறந்தார் என்பதுதான் அது. இரண்டு கரை ஜனங்களும் அவரைப் பெயர் சொல்ல மாட்டார்கள், கிழவனார் என்பார்கள். அவர் பிறந்தபோதே தலை நரைத்திருந்ததாம். வடகரைக்காரர்கள் அவருக்குப் பெரிய கோயில் கட்டி வைத்திருந்தார்கள். தென்கரைக்காரர்களிடம் அவரைக் குளிப்பாட்டிய கிணறு இருந்தது. வடகரைப் பேருந்து நிலையத்தில் தென்கரைக்காரன் யாராவது குடிக்கத் தண்ணீர் கேட்டால், டீக்கடைக்காரன் "உங்க கிணத்துலயே போய்க் குடி" என்பான். தென்கரைச் சந்தையில் வடகரைக்காரன் கோதுமைக்கு விலை கேட்டால், "உங்க கோயில் உண்டியலை உடைச்சுட்டு வா" என்பார்கள். விளையாட்டாகத் தொடங்கியது, சுற்றுலாப் பேருந்துகள் வர ஆரம்பித்த பிறகு விளையாட்டாக இல்லை. இரண்டு கல்யாணம் நின்றுபோனது. பாலத்தில் ஒருமுறை கல்லெறி நடந்து ஒருவனுக்குக் கண் போனது.

ஷூபிங்கின் அப்பா கெங் வாத்தியார்தான் தென்கரையின் வாய். பள்ளிக்கூடத்தில் ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு வேறு வேலையே இல்லை. வடகரைக்காரர்கள் செத்தவனின் தொட்டிலைத் திருடி விற்கிறவர்கள் என்று அவர் பத்திரிகையில் எழுதினார். அதைப் படித்துவிட்டு சாங்கன், தம்பி மாமனார் இனிமேல் இந்த வீட்டு வாசலுக்கு வந்தால் நாயை அவிழ்த்துவிடுவேன் என்று சொல்லி அனுப்பினார். கெங் வாத்தியார் ஒன்பது வருஷமாக மகள் வீட்டுக்கு வரவில்லை. அவள்தான் வருஷத்துக்கு இரண்டு தடவை பாலத்தைத் தாண்டிப் போய் வருவாள். போனால் அவரும் நல்ல வார்த்தை சொல்ல மாட்டார்.

இப்படியிருக்கும்போது ஒரு சித்திரை மாதம் வடகரையில் புறவழிச் சாலைக்குத் தோண்டிய இடத்தில் ஒரு கல் கிடைத்தது. ஆள் உயரக் கல்வெட்டு. ஆயிரத்து இருநூறு வருஷப் பழசு, கிழவனார் இந்த மண்ணில்தான் பிறந்தார் என்று அதில் வெட்டியிருக்கிறது என்றார்கள். சாங்கன் மாவட்டப் பண்பாட்டு அலுவலகத்தில் துணைத் தலைவர். கல் அவர் பொறுப்புக்கு வந்தது. அன்று முதல் அவர் நடையே மாறிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷூபிங்கையும் அவள் புருஷன் தேஹாயையும் அவர் சாப்பிடக் கூப்பிட்டார். தேஹாய் கிணற்று பம்புகள் பழுது பார்க்கிறவன். அண்ணன் கூப்பிட்டால் ஏன் என்று கேட்காமல் போவான். ஆட்டுக்கறி சூப்பும் வேகவைத்த மாவு ரொட்டியும் வைத்திருந்தார்கள். முதல் கிண்ணம் முடிவதற்குள் சாங்கன் விஷயத்துக்கு வந்தார். கோயில் முற்றத்தில் கல்லை நிறுத்தப் போகிறார்கள். மாகாணத்திலிருந்து பெரிய அதிகாரிகள் வருகிறார்கள். திறப்பு விழாவில் ஷூபிங் அந்தக் கல்வெட்டை உரக்கப் படித்துப் பொருள் சொல்ல வேண்டும். பிறகு ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதையே இரண்டு பக்கப் பாடமாக எழுதித் தர வேண்டும்.

மாவட்டத்தில் பழைய எழுத்தை அவள் அளவுக்குப் படிக்கிறவர்கள் இல்லை என்பது உண்மைதான். உயர்நிலைப் பள்ளியில் அவள்தான் இலக்கிய ஆசிரியை. ஆனால் அதற்காக மட்டும் அவர் கூப்பிடவில்லை என்று அவளுக்குத் தெரியும்.

"ஏன் நான்? எங்க தலைமையாசிரியர் இருக்காரே, பெரியத்தான்."

"அவர் படிச்சா அக்கரையில சிரிப்பானுங்க. கெங் வாத்தியார் பெத்த பொண்ணே நின்னு படிச்சா எவன் சிரிப்பான்? உங்கப்பன் தன் வாயைத் தானே தச்சுக்கணும். எனக்கு அதைப் பாக்கணும்."

தேஹாய் சூப்பில் மல்லித்தழையைத் தேடிக்கொண்டிருந்தான். சாங்கனின் மனைவி ஷூபிங்கின் கிண்ணத்தில் இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டு, இந்த வீட்டுச் சூப்பைப் பதினேழு வருஷமாகக் குடிக்கிறவளுக்கு இந்த ஒரு வேலை கனமா என்று கேட்டாள்.

ஷூபிங்குக்கு எழுந்து போய்விடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் கல்லைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது. கிழவனார் எழுதியது மொத்தமே ஐயாயிரம் எழுத்துதான். இருபது வருஷமாக அவள் அதைப் படிக்கிறாள். மற்றப் பழைய புத்தகங்களைத் திறந்தால் இன்ன அரசன் கேட்டான், இன்ன ஞானி சொன்னான், இன்ன நாட்டில் நடந்தது என்று வரிக்கு வரி பெயராக இருக்கும். இவர் புத்தகத்தில் ஒரு மனிதன் பெயர் கிடையாது. ஒரு ஊர் பெயர் கிடையாது. நான் இன்னார் மகன் என்று ஒரு சொல் கிடையாது. எல்லையைத் தாண்டிப் போகும்போது காவல்காரன் மறித்துக் கேட்டதால் எழுதிக் கொடுத்துவிட்டு மாட்டில் ஏறிப் போய்விட்டார் என்பார்கள். அதுவும் கதைதான். அப்படிப்பட்டவரைப் பற்றி யாரோ ஒருவன் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் கல்லில் என்ன வெட்டியிருப்பான் என்று பார்க்கத் தோன்றியது. சரி என்றாள்.

கல் அலுவலகத்துக்குப் பின்னால் ஒரு கிடங்கில் கிடந்தது, பழைய ஒலிபெருக்கிகளுக்கும் கிழிந்த பதாகைகளுக்கும் நடுவே. காவலாளி கதவைத் திறந்துவிட்டு வெளியே போய் சூரியகாந்தி விதை கொறித்தான். அவள் மண்டியிட்டு முதல் வரியிலிருந்து படித்தாள். நல்ல நடை. எழுதியவனுக்கு விஷயம் தெரிந்திருந்தது. பாதியில் ஒரு வரியைத் திரும்ப ஒருமுறை வாய்விட்டுப் படித்தாள். ஒன்பதாம் வரிக்கு வந்தாள். அங்கே மக்கள் என்று பொருள்படும் எழுத்து இருந்தது. அதை விட்டு அடுத்த எழுத்துக்குப் போன கண் தானாகத் திரும்பி வந்தது.

அந்த எழுத்து முழுசாக இருந்தது.

அந்தக் காலத்து அரசன் ஒருவன் பெயரில் அந்த எழுத்து இருந்தது. அரசன் பெயரை எழுதக் கூடாது என்பதால் அவன் வம்சம் ஆண்ட காலத்தில் யாரும் அந்த எழுத்தை முழுசாக எழுத மாட்டார்கள், கடைசிக் கோட்டை விட்டுவிடுவார்கள். ஊர்ப் பெயரோடும் ஆண்டோடும் அதிகாரி பெயரோடும் வெட்டிய அரசாங்கக் கல்லில் அந்தத் தப்பைச் செய்தால் சிற்பியின் தலை போகும். இங்கே கடைசிக் கோடு ஆழமாக, அழகாக வெட்டியிருந்தது. அவள் விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு மற்ற எழுத்துகளின் பள்ளங்களையும் தடவிப் பார்த்தாள். எல்லாப் பள்ளத்திலும் ஒரே மாதிரி மண், யாரோ கையால் அப்பியது போல. எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டபோது அவளுக்குக் கோபம் வரவில்லை, வெட்கமாக இருந்தது. ஒரு பொய்க் கல்லை ரசித்து வாய்விட்டுப் படித்தோமே என்று.

மறுநாள் அவள் சாங்கனின் அலுவலகத்துக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கல் பழசு இல்லை என்று சொன்னாள். அவர் ஆச்சரியப்படவில்லை. அதுதான் அவளைத் திடுக்கிட வைத்தது.

"ஒரு கோடு," என்றார். "ஒரு கோடு கூடிப்போச்சுன்னு சொல்றே."

"ஒரு கோடு போதும், பெரியத்தான். தெரிஞ்சவன் ஒருத்தன் பாத்தாப் போதும்."

"தெரிஞ்சவன்னா உங்கப்பன்."

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு எந்த எழுத்து, எத்தனாவது வரி, எத்தனாவது இடம் என்று கேட்டார். அவள் ஒரு தாளில் எழுதிக் காட்டினாள். அவர் அதைப் பார்த்து சிகரெட் பெட்டியின் பின்புறத்தில் குறித்துக்கொண்டார். பிறகு, சரி, இது பிற்காலத்தில் யாரோ பழைய கல்லைப் பார்த்து வெட்டிய நகல் என்று சொல்லிவிடலாம், நகல் என்றால் தப்பு இருக்கலாம்தானே, நீ போய்ப் பாடத்தை எழுது என்றார். அவ்வளவு சுலபமாக அவர் இறங்கி வந்ததைப் பார்த்து அவளுக்கு மனசு லேசானது. நகல் என்று சொன்னால் படிக்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தாள்.

அந்த வாரமே பள்ளிக்கூடத்துக்கு அப்பாவிடமிருந்து தொலைபேசி வந்தது. நலமா என்றெல்லாம் கேட்கவில்லை. கல்லின் மேல் தாளை வைத்து மையால் ஒற்றி எடுத்து அனுப்பு என்றார். அவள் முடியாது என்றாள்.

"முடியாதா? நீதான் அன்னைக்கு நின்னு படிக்கப்போறேன்னு இங்க ஊரே சிரிக்குது. பெத்தவனைச் சந்தியில நிறுத்திட்டு அவனுங்க போடுற எலும்புக்கு வாலாட்டுறே."

"நான் அவங்களுக்கும் ஆள் இல்ல, உங்களுக்கும் ஆள் இல்ல, அப்பா."

"அப்ப நீ யாரு?" என்று கேட்டுவிட்டு அவர் வைத்துவிட்டார். ஆசிரியர் அறையில் எல்லோரும் விடைத்தாளைப் பார்ப்பது போல உட்கார்ந்திருந்தார்கள்.

விழா நாளன்று கோயில் முற்றத்தில் முந்நூறு நாற்காலி போட்டிருந்தார்கள். முன்வரிசையில் மாகாண அதிகாரிகள், ஒவ்வொருவர் முன்னாலும் மூடி போட்ட தேநீர்க் கோப்பை. தென்கரையிலிருந்து யாரையும் கூப்பிடவில்லை. ஆனாலும் கெங் வாத்தியார் வந்திருந்தார், கூட இரண்டு பேரோடு. அழைப்பில்லாதவர்கள் என்று வாசலில் தடுத்தபோது சாங்கனே போய் அவர்களை உள்ளே விடச் சொன்னார். உட்கார நாற்காலி மட்டும் தரவில்லை. எழுபது வயது மனிதர் வெயிலில் சுவரோரம் நின்றார். கையில் பூதக்கண்ணாடி இருந்தது.

சிவப்புத் துணியை விலக்கியதும் விருந்தினர்கள் எழுந்து கல்லைச் சுற்றி வந்தார்கள். கெங் வாத்தியாரும் அவர்களோடு நுழைந்துவிட்டார். சாங்கன் தடுக்கவில்லை, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். ஷூபிங் மேடைப்பக்கம் நின்று அப்பாவின் முதுகையே பார்த்தாள். அவர் மற்ற வரிகளை வேகமாகத் தாண்டி ஒன்பதாம் வரிக்குப் போனார். அந்த எழுத்தைத்தான் தேட வேண்டும் என்று அவருக்கும் தெரியும். கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார். அவர் முகம் ஒரேயடியாகக் கிழடு தட்டிப்போனது. கூட வந்தவன் காதில் ஏதோ கேட்க, அவர் இல்லை என்று தலையாட்டினார். முன்வரிசை வழியாக அவர் திரும்பி நடந்தபோது சாங்கன் எல்லோருக்கும் கேட்கும்படி, "வாத்தியாரே, கண்ணாடி அழுக்கா இருந்தா சொல்லுங்க, துடைச்சுத் தரச் சொல்றேன்" என்றார். சிரிப்பு எழுந்தது.

ஒலிவாங்கியைப் பிடித்த சாங்கன் நகல் என்ற சொல்லையே எடுக்கவில்லை. ஆயிரத்து இருநூறு வருஷத்துக் கல், மூலக்கல், அக்கரையில் பிறந்த ஒரு பெண்ணே இப்போது இதைப் படிப்பாள் என்றார்.

ஷூபிங் கல்லுக்கு முன்னால் போய் நின்றாள். ஒன்பதாம் வரி நாலாவது எழுத்தைப் பார்த்தாள். கடைசிக் கோடு இல்லை. இருந்த இடமே தெரியாமல் சமமாக, மற்ற இடம் போலவே மங்கலாக இருந்தது. கல்தூளைப் பசையில் குழைத்து அடைத்துத் தேய்த்திருக்கிறார்கள். அவள் சொல்லித்தான் செய்திருக்கிறார்கள். கல் பொய்யாக இருந்தது. அதை மெய் போல ஆக்கியது அவள். அப்பாவின் முகம் அப்படிச் செத்துப்போனதும் அவளால்தான்.

முதல் வரியைப் படித்தாள். இரண்டாவது, மூன்றாவது. கூட்டம் அமைதியாகக் கேட்டது. எட்டாவது வரி முடிந்ததும் நிறுத்தினாள். திரும்பி முன்வரிசைக்கு வந்து, நடுவில் இருந்த அதிகாரியின் கோப்பையை எடுத்து மூடியைக் கீழே வைத்தாள். அவர் அவளுக்குத் தாகம் என்று நினைத்து எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கை காட்டினார். அவள் அதைக் கல்லின் மேல் ஊற்றினாள்.

நனைந்த இடம் முழுவதும் கறுத்தது. எழுத்துப் பள்ளங்கள் கறுத்தன, இடைவெளிகள் கறுத்தன. பசை அடைத்த இடம் மட்டும் நனையவில்லை. கறுத்த கல்லில் ஒரே ஒரு வெளிறிய கோடு, அடைத்த கோடு, அப்படியே எழுந்து வந்தது. முன்வரிசையில் இருந்தவர்களுக்கு அது நன்றாகத் தெரிந்தது.

"போன மாசம் நான் பாத்தப்போ இந்தக் கோடு இருந்தது," என்றாள் ஒலிவாங்கியில். "இருக்கக் கூடாதுன்னு நான்தான் சொன்னேன். அடைச்சுட்டாங்க. இது பழைய கல் இல்ல."

சாங்கன் ஒலிவாங்கியைப் பிடுங்க வந்தார். அதற்குள் சுவரோரம் கெங் வாத்தியார் கையைத் தூக்கிவிட்டார். அவர் குரலில் நாற்பது வருஷ வகுப்பறை இருந்தது. எல்லோரும் கேட்டுக்கொள்ளுங்கள், இவள் என் மகள், நான் வளர்த்த பெண் பொய் சொல்ல மாட்டாள், கிழவனார் பிறந்தது தென்கரையில், கிணறு அங்கே இருக்கிறது, போய்ப் பாருங்கள் என்றார். அவர் கண்ணில் நீர் இருந்தது. ஒன்பது வருஷத்தில் முதல்முறையாக அவர் அவளை மகள் என்று சொன்னார்.

அவள் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தியிருந்தால் ஒரு கரையாவது அவளுக்கு மிஞ்சியிருக்கும். தேஹாய் கடைசி வரிசையிலிருந்து எழுந்து நின்று, போதும் என்று கையை ஆட்டியதைக்கூட அவள் பார்த்தாள்.

"அந்தக் கிணத்துக்குச் செங்கல் சுமந்தது நான்தான், அப்பா," என்றாள். "எனக்குப் பத்தொன்பது வயசு. பழைய சூளைச் செங்கலா பாத்துப் பொறுக்குன்னு நீங்கதான் சொன்னீங்க. ரெண்டு கோடை சுமந்தேன்."

கூட வந்த இருவரும் வாத்தியாரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் ஒலிவாங்கியை விடாமல் மேலும் சொன்னாள்.

"கிழவனார் எங்க பொறந்தார்னு யாருக்கும் தெரியாது. எழுதினதுல அவரே சொல்லல. சொல்லணும்னு இருந்திருந்தா ஒரு சொல் போதும், போட்டிருப்பார். போடல. அதை விட்டுட்டு நீங்க ரெண்டு கரையும் அடிச்சுக்கிறீங்க."

பிறகு யாரோ ஒலிபெருக்கியை அணைத்துவிட்டார்கள். அதிகாரிகளைச் சாப்பிட அழைத்துப் போனார்கள். கூட்டத்தில் ஒருத்தி ஷூபிங்கின் காலடியில் துப்பினாள், அவளிடம் படித்த ஒருவனின் தாய். தென்கரையிலிருந்து வந்த இருவரும் வாத்தியாரைத் தனியே விட்டுவிட்டு முன்னால் நடந்தார்கள். சாங்கன் அவளருகே வந்து சத்தமில்லாமல் பேசினார். "எங்கம்மா உன்னைக் கூட்டிட்டு வந்த அன்னைக்கே சொன்னேன், வேண்டாம்னு. இனிமே என் வீட்டுப் படியை மிதிக்காதே. என் தம்பி வேணும்னா வரட்டும்."

கல்லை மறுவாரம் கிடங்குக்கே கொண்டுபோய்விட்டார்கள். விசாரணை என்று எதுவும் நடக்கவில்லை. ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கிறது என்று பத்திரிகையில் ஒரு சின்னச் செய்தி வந்தது. தென்கரையில் கிணற்றின் பெயர்ப்பலகையில் இருந்த ஆண்டுக் கணக்கை வெள்ளையடித்து மறைத்தார்கள். கெங் வாத்தியாரைக் கிணற்றைப் பராமரிக்கும் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள், உடல்நலம் கருதி என்று.

ஷூபிங்கைக் கோடை விடுமுறை முடிவதற்குள் மாவட்டத்தின் கடைக்கோடியில் ஒரு தொடக்கப் பள்ளிக்கு மாற்றினார்கள். மழை பெய்தால் அங்கே பேருந்து போகாது. தேஹாய் கூடப் போகவில்லை. அவன் அவளோடு சண்டையும் போடவில்லை. கிளம்புகிற அன்று அவள் கட்டிலையும் அலமாரியையும் ஒரு பழைய டிராக்டரில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினான். பள்ளிக்கூட அடிபம்பு ஒழுகியதைப் பார்த்து அதைப் பிரித்து மாட்டினான். கையைக் கழுவும்போது கேட்டான்.

"உனக்கு அந்தக் கிழவர்தான் முக்கியம், இல்ல?"

"அவரைப் பத்திப் பொய் சொல்லச் சொன்னது உங்கண்ணன்."

"எல்லாரும்தான் சொல்றாங்க. உங்கப்பா சொல்லலையா? நீ மட்டும் ஏன்..." என்று தொடங்கியவன் முடிக்கவில்லை. டிராக்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். மாதத்துக்கு ஒருமுறை வருவான். கோதுமை மாவு கொண்டுவந்து வைப்பான். ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவான். அண்ணன் வீட்டுப் பேச்சு வராது. அவளும் கேட்பதில்லை.

மறுவருஷம் பித்ருக்களின் கல்லறையைச் சுத்தம் செய்யும் நாள் வந்தபோது அப்பா பேருந்து நடத்துநரிடம் சொல்லி அனுப்பியிருந்தார், அவள் தன் அம்மாவின் கல்லறைக்கு வர வேண்டாம் என்று. அவள் போனாள். கோதுமை வயலுக்கு நடுவே மண்மேட்டில் அவர் ஏற்கெனவே நின்றிருந்தார், மண்வெட்டியோடு.

"இங்க உனக்கு என்ன வேலை?"

"அம்மாவைப் பாக்க வந்தேன்."

"பாத்தாச்சுல்ல. கிளம்பு."

அவள் கிளம்பவில்லை. அவர் மேட்டின் ஒரு பக்கம் மண் அணைத்தார். அவள் மறுபக்கம் புல்லைப் பிடுங்கினாள். காகிதப் பணத்தை எரித்தாள். கொண்டுவந்த ஆரஞ்சுகளை அவர் வைத்த ஆப்பிள்களுக்குப் பக்கத்தில் வைத்தபோது அவர் தன் ஆப்பிள்களை ஒரு முழம் தள்ளி வைத்தார்.

திரும்புவதற்கு ஒரே பேருந்துதான். அவர் முன்னால் உட்கார்ந்தார், அவள் பின்னால். நடத்துநர் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சீட்டா என்று அவரைக் கேட்டான்.

"எனக்கு மட்டும் குடு," என்றார் அவர்.

அதற்கடுத்த வருஷமும் அவள் போனாள். அவர் தன் ஆப்பிள்களை அப்போதும் ஒரு முழம் தள்ளித்தான் வைத்தார்.